அரை நாள் நீர்வழி

தமிழ்மொழி பிற மொழிகளுக்கு வழங்கிய சொற்களைத் தொகுப்போர் கட்டுமரம் என்னும் சொல்லை மறவாமல் முன்னே வைப்பர். ஆங்கிலேயர் அதனைக் 'கட்டமரான்' என்று ஒலித்துத் தம் அகராதியில் ஏற்றிக்கொண்டனர். வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி 1697ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பயண நூலில் இச்சொல்லை எடுத்தாண்டுள்ளார். அவ்வாறே அரபு மொழியின் கொடைகளைத் தொகுப்போர் 'மவ்ஸிம்' என்பதை விடுவதில்லை. குறித்த காலம், பருவம் என்பது அதன் பொருள். காற்றுத் திசை மாறும் காலத்தை அரபு மாலுமிகள் அச்சொல்லாற் குறித்தனர். போர்த்துக்கீசியர் வாயிலாக அது ஆங்கிலத்துக்குச் சென்று 'மான்சூன்' ஆயிற்று. தமிழைத் தாய்மொழியாகவும் அரபியை மறைமொழியாகவும் உடைய நம்மவர்க்கு இது எண்ணி மகிழத்தக்க செய்தியேயாம். ஒரு மொழி உலகுக்கு மரத்தைத் தந்தது. மற்றொன்று காற்றைத் தந்தது.

ஆயினும் மகிழ்ந்தால் மட்டும் போதுமா என்னும் கேள்வி சென்ற தை மாதத்தில் எங்கள் வீட்டிலேயே எழுந்தது. எழுப்பியவள் பத்து வயதுச் சிறுமி.

என் லாத்தாவின் மகன் மலேசியாவில் தொழில் செய்கிறார். விடுமுறைக்குக் குடும்பத்தோடு பரங்கிப்பேட்டைக்கு வந்திருந்தவர், லங்காவித் தீவில் தாம் சென்றுவந்த அரை நாள் உலாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு ஓடங்களை அருகருகே நிறுத்தி மேலே தளம் போட்டாற்போன்ற வெண்ணிறக் கப்பல். முன்புறத்தில் வலை கட்டியிருக்கும். பிள்ளைகள் அதன்மேற் படுத்துக்கொண்டு அடியில் ஓடும் கடலைப் பார்க்கலாம். தீவுகளின் கரையோரமாகவே சுற்றிவந்து பகலுணவோடு இறக்கிவிடுவார்கள் என்றார். அதன் பெயர் கட்டமரான் என்றும் கூறினார்.

"அது மலாய்ச் சொல்லா வாப்பா?" என்று கேட்டாள் அவர் மகள்.

"இல்லை, இங்கிலீஷ்" என்றார் அவர்.

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த லாத்தா நிமிர்ந்து, "நம்ம ஊர்ச் செம்படவர் ஏறிப் போகிற கட்டுமரந்தானே அது! அதற்கு இங்கிலீஷ் எங்கிருந்து வந்தது?" என்றார்.

சிறுமி விடவில்லை. "அப்படியென்றால் நீங்கள் அதில் போயிருக்கிறீர்களா பாட்டிம்மா?"

லாத்தா விடையிறுக்காமல் வெற்றிலையை மடித்தார்.

அந்த மௌனத்தின் பொருள் எனக்குத் தெரியும். எழுபத்தைந்து ஆண்டுகளாகக் கடற்காற்றை மூச்சாக இழுத்து வாழ்ந்தவர் என் லாத்தா. வெள்ளாறு கடலொடு கலக்கும் முகத்துவாரம் எங்கள் வீட்டுக்குத் தொலைவன்று. ஆயினும் அவர் ஒருநாளும் படகில் கால் வைத்ததில்லை. அவர் மட்டுமா? எங்கள் தெருவிலுள்ள முதிய பெண்டிருள் பெரும்பாலோர் அத்தகையரே. ஆண்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் போவர். பெண்கள் வாசற்படியளவில் நின்று வழியனுப்புவர். கடல் நமக்கு ஆடவர் வழியாகவே இருந்து வந்துள்ளது.

மர்ஹூம் மச்சான் பினாங்குக்குச் சென்றது 'ரஜூலா' கப்பலில். அக்கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாக மலாயாவுக்குச் சென்றுவந்ததை மூத்தோர் அறிவர். நாகையிலே கப்பல் கரையை அணுகாது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய் விடுவார்கள். புதுமணப் பெண்ணாகிய லாத்தா நாகை வரை சென்று, கரையில் நின்று அதனைப் பார்த்தவர். 1973இல் ரஜூலாவின் காலம் முடிந்து 'சிதம்பரம்' என்னும் கப்பல் வந்தது. அதிலே மச்சான் ஒருமுறை ஊருக்கு வந்து திரும்பினார். 1985இல் நடுக்கடலில் தீப்பற்றி அந்தக் கப்பலும் ஓட்டத்தை நிறுத்தியது. அதற்கு முன்பே மச்சான் பினாங்கில் காலமாகி அந்த மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டுவிட்டார். லாத்தா அந்தக் கப்ரைக் கண்டதில்லை. மகன் பலமுறை அழைத்தும், "வானத்திலும் வரமாட்டேன், தண்ணீரிலும் வரமாட்டேன்" என்று மறுத்துவிட்டார்.

ஆகவே அன்றிரவு நான் லாத்தாவிடம், "பிச்சாவரத்துக்குப் போய்வருவோம். காலையில் புறப்பட்டால் ளுஹர் தொழுகைக்குச் சிதம்பரம் திரும்பிவிடலாம். பிள்ளைக்கும் நம் ஊர் நீரைக் காட்டியதாக இருக்கும்" என்றேன். மறுப்பார் என்றே எதிர்பார்த்தேன். "பிள்ளைக்காக வருகிறேன்" என்றார்.

நிற்க. கட்டுமரத்தைப் பற்றிச் சிறிது கூறிவிட்டுப் பயணத்துக்கு வருகிறேன்.

லங்காவியில் ஓடுவது நம் கட்டுமரம் அன்று; நம் கட்டுமரத்தின் பெயரைச் சூட்டிக்கொண்ட வேறொன்று. இரண்டு ஓடங்களை இணைத்துச் செலுத்தும் முறை பசிபிக் தீவினர்க்கு உரியது. அமெரிக்கக் கப்பற்கலைஞராகிய நத்தானியேல் ஹெரஷாப் என்பவர் 1876இல் இரட்டை உடலுடைய பாய்க்கலம் ஒன்றைச் செய்து பந்தயத்தில் விட்டார். அது மற்றப் படகுகளை எல்லாம் பின்னிறுத்தியது. அவ்வகைக் கலத்துக்குக் கட்டமரான் என்னும் பெயர் நிலைத்துவிட்டது. நம் சொல் உலகெங்கும் சென்றது. சொல்லுக்குரிய பொருளோ நம் கரையிலேயே நின்றுவிட்டது.

நம் கட்டுமரத்துக்கு உடல் இரண்டுமில்லை, ஒன்றுமில்லை. எடை குறைந்த மரத்துண்டுகள் சிலவற்றை நடுவில் நீண்டதும் ஓரங்களிற் குறுகியதுமாக அடுக்கி, முன்முனையைச் சற்றே மேல்நோக்கி வளையச் செதுக்கிக் கயிற்றாற் கட்டுவர். ஆணி இல்லை, தளம் இல்லை, நீரைத் தடுக்கும் பக்கச் சுவரும் இல்லை. மரங்களுக்கிடையே நீர் ஏறும், இறங்கும். கவிழ்ந்தால் புரட்டிப்போட்டு மீண்டும் ஏறிக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்துவர். ஈரம் ஏறிய மரம் கனக்கும் ஆதலின் இது நாள்தோறும் செய்யத்தக்க வேலை.

ஏன் இந்த அமைப்பு? சோழமண்டலக் கரையில் இயற்கையான ஆழ்துறைகள் அரிய. அலை கரையோரத்திலேயே உயர்ந்து உடைகிறது. ஆணியடித்த கனத்த படகு அந்த அலையிற் சிக்கினால் மணலில் மோதிப் பிளக்கும். சென்னையிலே துறைமுகம் அமையுமுன், தொலைவில் நின்ற கப்பல்களுக்குப் பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச் சென்றவை கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள். அப்படகுகளும் அஞ்சும் நாளில் கடிதங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் கட்டுமரக்காரர்கள். தலையில் அணிந்த குல்லாய்க்குள் தாளை நனையாமல் வைத்துக்கொண்டு அலையைப் பிளந்து செல்வார்கள்.

தைத்த படகு அரபு நூல் கற்றோர்க்குப் புதிதன்று. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹஜ்ஜுப் பயணம் மேற்கொண்ட இப்னு ஜுபைர், செங்கடலில் ஆணியே இன்றித் தென்னை நார்க்கயிற்றால் தைக்கப்பட்ட கலங்களைக் கண்டு எழுதியுள்ளார். நம் கரையின் அறிவும் அவர்கள் கரையின் அறிவும் இவ்விடத்தில் கைகோத்து நிற்கின்றன. பெயரிடுவதில் மட்டும் இரு மொழிகளும் வேறு வழிச் சென்றன. கப்பலைக் குறிக்கும் 'ஸஃபீனா' என்னும் அரபுச் சொல்லுக்குச் 'சீவுவது' என்னும் வேரைக் காட்டுவர் அகராதியாசிரியர். நீரின் மேற்பரப்பைச் சீவிக்கொண்டு செல்வதால் அப்பெயர் என்பது அவர்கள் விளக்கம். தமிழ் மீனவனோ தன் கலத்துக்கு அது செல்லும் வகையாற் பெயரிடவில்லை. அது நிலைக்கும் வகையாற் பெயரிட்டான். கட்டியதால் அது கட்டுமரம்.

முதலாம் இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டு வாக்கில் கடாரத்தின் மேற்செலுத்திய படை கட்டுமரத்தில் ஏறிப் போயிற்று என்று மேடைகளிற் பேசக் கேட்டிருக்கிறேன். அது பொருந்தாது. இடுப்பளவு நனைந்துகொண்டு கரையோரத்தில் மீன்பிடிக்கும் மரத்தில் படையையும் யானையையும் ஏற்றுவது எங்ஙனம்? பெருங்கடலுக்கு வேறு கலங்கள் இருந்தன. 'மரக்கலம்' என்பது அவற்றின் பொதுப்பெயர். அதிலிருந்தே மரக்காயர் என்னும் குலப்பெயர் தோன்றிற்று என்பர் சிலர். கலத்தைக் குறிக்கும் 'மர்கப்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து தோன்றிற்று என்பர் வேறு சிலர். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் பெயருக்குள்ளே ஒரு கப்பல் நிற்கிறது. கடாரம் என்பது இன்றைய கெடா மாநிலம். லங்காவித் தீவு அம்மாநிலத்தைச் சேர்ந்ததே. மஹ்மூது பந்தர் என்றும் போர்ட்டோ நோவோ என்றும் பெயர் வழங்கிய எங்கள் ஊரிலிருந்து 17, 18ஆம் நூற்றாண்டுகளில் முஸ்லிம் வணிகரின் கப்பல்கள் துணிப்பொதிகளோடு கெடாவுக்கும் அச்சேவுக்கும் சென்றுவந்தன. ஆக, என் மருமகன் கட்டணம் செலுத்தி உல்லாசமாகச் சுற்றிய நீர், அவர் முன்னோர் விலைபேசி வாணிகம் செய்த நீர்தான். இதனை அவர் மகளுக்கு நான் சொன்னபோது அவள் கண்கள் விரிந்தன; அவருடைய கண்களும் விரிந்தன.

பஜ்ரு தொழுகை முடித்து இட்டலிப் பொட்டலமும் தண்ணீர்க் குடுவையுமாகப் புறப்பட்டோம். சிதம்பரம் சென்று, அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 15 கி.மீ. போனால் பிச்சாவரம். கிள்ளையைக் கடந்ததும் வயல்கள் குறைந்து உப்பங்காற்று வீசத் தொடங்கியது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையில் எந்திரப் படகொன்றை அமர்த்திக்கொண்டோம். படகோட்டி அறுபதை எட்டியவர். கறுத்து மெலிந்த உடல். என் தொப்பியைப் பார்த்து "வாங்க ஹஜ்ரத்" என்று வரவேற்றார்.

லாத்தா படித்துறையில் நின்றார். படகு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. படகோட்டி கையை நீட்டவில்லை. கழியொன்றைக் குறுக்கே பிடித்து, "இதைப் பிடிச்சுக்கிட்டு இறங்குங்கம்மா" என்றார். அவருடைய பண்பாட்டை எண்ணி நான் வியந்தேன். லாத்தா பிஸ்மில்லாஹ் சொல்லி இறங்கினார். அமர்ந்த பிறகும் பலகையை இறுகப் பற்றிய விரல்கள் நெடுநேரம் தளரவில்லை.

பிச்சாவரம் என்பது வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் இடையே 1,100 ஹெக்டேருக்கு மேற்பட்டுப் பரந்த அலையாத்திக் காடு. ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு தீவுகள். அவற்றினிடையே எண்ணற்ற கால்வாய்கள். எம்.ஜி.ஆர். நடித்து 1975இல் வெளிவந்த 'இதயக்கனி' படத்தால் நாடறிந்த இடமாயிற்று. 2022இல் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அகன்ற நீர்ப்பரப்பைக் கடந்து ஒரு குறுகிய கால்வாய்க்குள் நுழைந்ததும் படகோட்டி எந்திரத்தை நிறுத்திக் கழியை எடுத்தார். இருபுறமும் கிளைகள் வளைந்து பந்தலிட்டிருந்தன. எந்திர ஓசை அடங்கியபின் கேட்டது நீர் சொட்டும் ஒலியும் பறவைகளின் குரலுமே. ஓரிடத்தில் இருளர் குலத்துப் பெண்டிர் இருவர் கழுத்தளவு நீரில் அமர்ந்து, வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்து, வாயிற் கவ்விய பறியில் இட்டுக்கொண்டிருந்தனர். லாத்தா அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தார். "இந்தத் தண்ணீருக்குள் பெண்கள் உட்கார்ந்து பிழைக்கிறார்கள், நான் படகில் உட்கார அஞ்சுகிறேன்" என்றார். அதன்பின் பலகையிலிருந்து ஒரு கை எடுபட்டது.

சுரபுன்னை மரங்கள் தண்டிலிருந்து வளைந்த வேர்களை நாற்புறமும் ஊன்றி நின்றன. வெண்கண்டல் மரங்களின் அடியிலோ வேர்கள் சேற்றிலிருந்து மேல்நோக்கி ஈட்டிகளைப்போல் எழுந்திருந்தன. சேற்றுக்குள் காற்றில்லை ஆதலால் வேர் வெளியே வந்து மூச்சு வாங்குகிறது. சுரபுன்னையின் விதை மரத்திலிருக்கும்போதே முளைத்து, நீண்ட காய்போலத் தொங்கி, வளர்ந்த பின்னரே தாயை விட்டு நீரில் விழுகிறது. உப்பு நீரிலே விதையாக விழுந்தால் பிழைக்காது என்று அறிந்து, கன்றாக வளர்த்து அனுப்பும் தாய்மை அது. படைத்தவனின் ஏற்பாட்டை எண்ணி நாவு தானே துதித்தது.

தில்லை மரத்தைப் படகோட்டி சுட்டிக் காட்டினார். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரம் இதுவே. அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்கும். சிதம்பரத்தில் இன்று தில்லைக் காடு இல்லை. கடலோரத்திலேதான் மரம் மிஞ்சியிருக்கிறது. பெயர் ஓரிடத்தும் பொருள் ஓரிடத்துமாகப் பிரிந்து வாழ்வது கட்டுமரத்துக்கு மட்டும் நேர்ந்த கதையன்று போலும்.

இந்தக் காடும் ஒருகால் அழியத் தொடங்கியது. ஆங்கிலேயர் காலத்திலிருந்தே விறகுக்காகப் பகுதி பகுதியாக மொட்டையடித்தனர். வெட்டிய நிலம் வெயிலிற் காய்ந்து தாழ்ந்து தட்டுப்போலாயிற்று. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி வற்றியது, உப்பு மேலும் மேலும் கூடியது, கன்று முளைக்கவில்லை. மனிதர் வெட்டுவதை நிறுத்திய பிறகும் காடு மீளாத காரணம் இதுவே. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையினரும் உள்ளூர் மக்களைக் கூட்டிக்கொண்டு, மீன்முள்ளைப் போல நடுவில் ஒரு வாய்க்காலும் இருபுறமும் கிளை வாய்க்கால்களுமாக வெட்டினார்கள். ஏற்ற வற்றங்களில் நீர் உள்ளே வந்து வெளியே சென்றது, உப்புக் குறைந்தது, நட்ட கன்று பிடித்தது. நீரைத் தடுத்து அன்று, போகவிட்டே அவர்கள் காட்டைக் காத்தனர்.

"நீங்கள் கட்டுமரத்தில் போனவரா?" என்று சிறுமி படகோட்டியைக் கேட்டாள்.

"பன்னிரண்டு வயசிலே ஏறினேன் பாப்பா. முப்பது வருஷம் அதுலதான் பிழைப்பு."

லாத்தா முதன்முறையாக அவரிடம் பேசினார். "சுவரே இல்லாத மரத்தில் போகிறீர்களே, தண்ணீர் உள்ளே வந்துவிடாதா?"

படகோட்டி சிரித்தார். "உள்ளேன்னு ஒண்ணு இருந்தாத்தானேம்மா தண்ணி உள்ளே வரும்?"

லாத்தாவும் சிரித்துவிட்டார். மதரஸாவில் முப்பது ஆண்டுகளாக மன்திக் கற்பிக்கும் நான், இவ்வளவு சுருக்கமான ஒரு தர்க்கத்தைக் கேட்டதில்லை.

இப்போது கட்டுமரம் எங்கே என்று கேட்டேன். பெரும்பாலும் போய்விட்டது என்றார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையிலிருந்த மரங்களை வாரிச் சென்றது. நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் வந்தன. எந்திரம் பொருத்திய படகு தொலைவுக்குப் போகும், மிகுதியான வலையை ஏற்கும். அதனை விட்டு மரத்துக்குத் திரும்ப யார் துணிவர்? "எண்ணெய்க்கும் கடனுக்கும் பிடிக்கிறோம் ஹஜ்ரத். மரத்துக்கு எண்ணெய் கேக்காது. ஆனா மரத்திலே போற உடம்பு இப்ப எந்தப் பிள்ளைக்கும் இல்லை" என்றார். அவர் பேச்சிலே வருத்தம் இருந்தது. திரும்பவேண்டும் என்னும் ஆசை இல்லை. உழைப்பின் கொடுமையை உழைத்தவரே அறிவர். கரையில் நின்று கட்டுமரத்தின் அழகைப் புகழும் நம் போன்றோர் இதனை மறத்தலாகாது.

காடு முடிந்து நீர் அகன்றது. எதிரே தாழ்ந்த மணல் மேடு, அதற்கப்பால் கடல். சின்னவாய்க்கால், பில்லுமேடு, எம்.ஜி.ஆர். திட்டு என்னும் குடியிருப்புகள் இருந்த பக்கம் அது. காட்டுக்கு முன்னே, கடலுக்கு நேரே இருந்த அவ்வூர்களைப் பேரலை சூறையாடியது. காட்டுக்குப் பின்னேயிருந்த ஊர்கள் பெரிதும் தப்பின. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வாளர்கள் இதனை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டனர். நிலத்தின் உயரமும் கடலிலிருந்துள்ள தொலைவுமே முதன்மையான காரணங்கள் என்று வேறு சில அறிஞர்கள் வாதிட்டதும் உண்டு. வாதம் எவ்வாறாயினும், வேர்களின் நடுவே புகுந்த அலை விரைவு குறைந்தே வெளிவந்தது என்பதைக் கண்ணாற் கண்டவர் இன்றும் உளர்.

படகோட்டி அந்த மேட்டில் வாழ்ந்தவர். வீட்டில் யாரை இழந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. லாத்தா மட்டும், "அன்றைக்கு எங்கள் ஊருக்கு வந்தீர்களா?" என்று கேட்டார்.

"வந்தோம்மா. உங்க தெருவிலேதான் மூணு நாள் சோறு தின்னோம். பள்ளிவாசல்காரங்க கட்டிக்கத் துணி குடுத்தாங்க."

அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருந்ததும், லாத்தா அண்டா அண்டாவாக வடித்துக்கொட்டியதும் எனக்குத் தெரியும். யாருக்குப் பரிமாறினோம் என்று அவர் அன்று பார்த்ததுமில்லை, பின்னர் பேசியதுமில்லை. இப்போதும் பேசவில்லை. இட்டலிப் பொட்டலத்தைப் பிரித்து, முதற் பங்கை அவரிடம் நீட்டினார்.

மணல் மேட்டில் இறங்கினோம். அங்கே அமர்ந்து பிள்ளைக்கு இப்னு பதூதாவின் கதையைச் சொன்னேன். 14ஆம் நூற்றாண்டிலே இலங்கையிலிருந்து மஅபர் என்று அரபியர் அழைத்த இந்தச் சோழமண்டலக் கரைக்கு வந்தபோது அவர் ஏறியிருந்த கப்பல் புயலில் அகப்பட்டது. மாலுமிகள் மரங்களைப் பிணைத்துத் தெப்பம் ஒன்று செய்தனர். தோழர்கள், 'எங்களை விட்டுப் போகிறீரோ?' என்னும் கருத்துப்படக் கேட்கவே, அவர் தாம் கப்பலில் தங்கிக்கொண்டு, தோழர் இருவரையும் தம் பணிப்பெண்களுள் ஒருத்தியையும் தெப்பத்தில் ஏற்றினார். மற்றொருத்தி, தனக்கு நீந்தத் தெரியுமென்று கூறித் தெப்பத்தின் கயிற்றைப் பற்றிக்கொண்டு நீரில் இறங்கினாள். மறுநாட் காலை இக்கரையின் மக்கள் படகில் வந்து இப்னு பதூதாவையும் கரைசேர்த்தனர். அவர் தம் சமயத்தார் அல்லர், தம் மொழியினர் அல்லர் என்று அவர்கள் நோக்கவில்லை.

"அந்தப் பெண் கரை சேர்ந்தாளா?" என்று கேட்டது சிறுமியன்று, லாத்தா.

"சேர்ந்தாள். காற்று அவர்கள் பக்கம் வீசியது என்று எழுதியிருக்கிறார்" என்றேன்.

அவர் எழுந்து ஈர மணல் வரை நடந்தார். அலை வந்து பாதத்தை நனைத்துத் திரும்பியது. சிறிது நேரம் நின்றவர், படகோட்டியைத் திரும்பிப் பார்த்து, "பினாங்கு எந்தப் பக்கம் அண்ணே?" என்று கேட்டார். அந்த முதியவர் சூரியனைப் பார்த்தார், கரையின் வாட்டத்தைப் பார்த்தார்; கிழக்குக்குச் சற்றே தெற்காகக் கையை நீட்டினார். லாத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அத்திசை நோக்கி நின்று ஃபாத்திஹா ஓதினார். நாங்கள் அருகிற் செல்லவில்லை. சிறுமி மட்டும் சென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்தவர், "சலாம் சொல்லிவிட்டேன்" என்றார். அவ்வளவே.

மீளும்போது நீர் வற்றத் தொடங்கியிருந்தது. வேர்கள் முன்னைவிட உயரமாகத் தெரிந்தன. லாத்தா ஒரு கையைப் படகின் ஓரத்தில் தொங்கவிட்டு, விரலை நீரில் ஓடவிட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் சிதம்பரம் சேர்ந்தபோது ளுஹருக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

வாசக நேயர்களே, இந்தச் சிறு பயணத்தை விரித்துரைப்பதற்கு ஒரு காரணமுண்டு. நம் கடற்கரையூர்களில் கப்பலும் மரமும் நம் பெயரில் நிற்கின்றன. நம் பிள்ளைகளின் அறிவில் நிற்கவில்லை. பழம்பெருமை பேசுவதால் அது நிற்கப்போவதும் இல்லை. கட்டுமரத்தில் போன கடைசித் தலைமுறை இன்னும் நம்மிடையே உயிரோடு இருக்கிறது. கடலூர்ப் பழைய துறைமுகத்திலும் தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் கிள்ளையிலும் அவர்கள் வலை சீர்செய்துகொண்டு அமர்ந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளை அவர்களிடம் அழைத்துச் செல்லுங்கள்; எந்த மரம், எந்தக் கட்டு, எந்தக் காற்று என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். கேட்க வேண்டியவற்றுட் பல, நூல்களில் ஏறாதவை.

வீட்டு முதிய பெண்டிரையும் அழைத்துச் செல்லுங்கள். கணவனையும் மகனையும் கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்டுக் கரையில் நின்றவர்கள் அவர்கள். அந்தக் கடலை ஒருமுறை அருகே நின்று பார்க்க அவர்களுக்கும் உரிமையுண்டு. அதற்கு வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை, பெரும்பொருளும் வேண்டுவதில்லை. ஓர் அரை நாள் போதும்.